இன்னும் கேட்காத துட்டி

ஜன்னலைத் திறந்து வச்சுக்கிடட்டுமா டீச்சர்? சாரல் லேசாத்தான் அடிக்குது. நனைஞ்சா காஞ்சிரும். காத்து வரணும். அடைச்ச பஸ்ஸுன்னா எனக்கு இப்பவும் பயம். கொஞ்சம் தள்ளி உக்காருங்க, பாப்பா காலை நீட்டுவா. பஸ் ஏறினா போதும், தூங்கிருவா. அவ மாஸ்க்கை மட்டும் தொட்டுராதீங்க. தூக்கத்துலயும் அவளுக்குத் தெரிஞ்சிரும். முழிச்சு ஊரைக் கூட்டிருவா.

டீச்சர் இல்லையா நீங்க? பையைப் பார்த்ததும் நானே முடிவு பண்ணிட்டேன். பரவாயில்லை, வாயில வந்துருச்சு, டீச்சர்னே கூப்பிடுறேன். கோயம்புத்தூரா? அதான் பேச்சுல ஒரு மரியாதை தெரியுது. விளாத்திகுளம் வரைக்கும்தானே? நல்லதாப் போச்சு, பேச்சுத் துணையாச்சு. என்னால வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்க முடியாது, முன்னாடியே சொல்லிட்டேன். தீப்பெட்டி ஆபீஸ்ல என்னையத் தனியா ஒரு மூலையில உக்கார வச்சுப் பார்த்தாங்க, பேச்சு குறையும்னு. தீக்குச்சியோட பேசிக்கிட்டிருக்கான்னு சொல்லி மறுநாளே கூட்டத்துல கொண்டாந்து விட்டுட்டாங்க.

அவரா? அவர் இல்லை டீச்சர். வைகாசியில போயிட்டார். கொரோனாதான். ரெண்டாவது தடவை வந்துச்சே, அதுல.

ஐயே, நீங்க ஏன் சங்கடப்படுறீங்க? நெத்தியில பொட்டு இருக்கு, கழுத்துல தாலி கிடக்கு, வீட்டுக்காரர் வரலையான்னு கேட்டீங்க. யாரா இருந்தாலும் அப்படித்தானே கேப்பாங்க. இதையெல்லாம் எடுக்கிறதுக்கு ஆள் கூடணும்ல. எங்க கூடினாங்க? வாசல்ல கம்பு கட்டி, நோட்டீஸ் ஒட்டி, நானும் இவளும் உள்ள கிடந்தோம். பதினாறாம் நாள் எங்களுக்கு நகராட்சியில இருந்து பால் பாக்கெட்டும் காய்கறிப் பையும் வந்துச்சு, அம்புட்டுதான். அதுக்கப்புறம் யாரும் வந்து எடுக்கலை, நானும் எடுக்கலை. கிடந்துட்டுப் போகுதுன்னு விட்டுட்டேன். பொட்டு வச்சிருந்தா வேலைக்குப் போற இடத்துல ஒருத்தனும் வம்புக்கு வரமாட்டான், அதுவும் ஒரு சவுரியம்தான்.

எங்க போறேன்னு கேட்டீங்கள்ல? துட்டி கேக்கப் போறேன். உங்க பக்கம் துக்கம் விசாரிக்கிறதும்பீங்க. எங்க பக்கம் அது பெரிய முறை டீச்சர். எடுக்கிற அன்னைக்கு வர முடியாதவங்க அப்புறம் ஒருநாள் வந்து கேட்டே ஆகணும். கேக்காத வரைக்கும் அந்த வீட்டுல பச்சத்தண்ணி குடிக்கக் கூடாது, நல்லதுக்கு அழைக்கக் கூடாது, முகத்துக்கு முகம் பார்த்துப் பேசக் கூடாது. முதல் பேச்சே அழுகையாத்தான் இருக்கணும். இன்னைக்கு வாறோம்னு போன் போட்டுச் சொல்லவும் கூடாது. சொல்லிட்டுப் போறதுக்கு அது என்ன விருந்தா? போய் வாசல்ல நிக்கணும். அவங்க ஓடியாந்து கட்டிக்கிடணும். பொம்பளைக வட்டமா உக்காந்து தோளோட தோள் சேர்த்து அழணும். ஓய்ஞ்ச பிறகு, வந்தவங்க கண்ணைத் துடைச்சுக்கிட்டு, 'எப்படித் தாயி ஆச்சு?'ன்னு கேக்கணும். இருக்கிறவங்க முதல்ல இருந்து சொல்லணும். ஒண்ணு விடாமச் சொல்லணும். சொல்லி முடிச்சதும் வந்தவங்க ஒண்ணுமே பேசாம எந்திரிச்சுப் போயிரணும். அம்புட்டுதான். அதுக்கப்புறம் ரெண்டு வீடும் பழையபடி.

இந்த நோயில எல்லாம் நின்னுபோச்சுல்ல. செத்தவங்களைப் பார்க்கவே விடலை, கேக்க எங்க விட? இப்பத்தானே பஸ் ஓடுது. பொம்பளைகளுக்கு டிக்கெட்டும் இல்லை. பள்ளிக்கூடம் திறந்தாச்சு. ஆபீஸ்ல மறுபடி பக்கத்துல பக்கத்துல உக்காந்து குச்சி அடுக்குறோம். சனமெல்லாம் தலையை நீட்டி நீட்டிப் பார்த்து, மெல்ல மெல்ல வெளிய வருது. வந்து பார்த்தா ஒவ்வொருத்தர் தலையிலயும் துட்டி நிலுவையில நிக்குது. யாரு வீட்டுல யாரு போனாங்கன்னே இப்பத்தான் தெரியுது.

நான் இதுல ரொம்பக் கறார். ஒரு பஸ் ரூட்டுக்கு ஒரு ஞாயித்துக்கிழமைன்னு வச்சுக்கிட்டேன். கழுகுமலை ரூட்டு முடிச்சாச்சு. சாத்தூர் ரூட்டு முடிச்சாச்சு. போன வாரத்துல இருந்து விளாத்திகுளம் ரூட்டு. ஆபீஸ்ல கேலி பண்ணுதாளுக. 'ஏ செம்பகம், இந்த வாரம் எந்த ஊருடி அழுகை?'ங்காளுக. சிரிச்சுக்கிடட்டும். நமக்குன்னு ஒரு கடமை இருக்குல்ல?

இதைக் கேளுங்க, கழுகுமலையில எங்க சித்தி. சித்தப்பா போய் ஆறேழு மாசம். நான் போய் வாசல்ல நிக்கேன், அது பாட்டுக்கு முறத்தை வச்சுப் புளி கொட்டை எடுத்துக்கிட்டிருக்கு. என்னைப் பார்த்துட்டு, 'வா, வெயில்ல வந்தியா?'ங்குது. அழவே இல்லை. மறந்துபோச்சாம் டீச்சர், எப்படி ஆரம்பிக்கிறதுன்னு! நான்தான் செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு, 'என்னைப் பெத்த சித்தி'ன்னு விழுந்து கட்டிப்பிடிச்சேன். அப்புறம் பாருங்க, அது போட்ட சத்தத்துல தெருவே வந்துருச்சு. புளியெல்லாம் எங்க காலுக்குள்ள. ரெண்டு பேர் மாஸ்க்கும் நனைஞ்சு வாயோட ஒட்டிக்கிடுச்சு. பாப்பா ஒவ்வொருத்தர் கையிலயா சானிடைசர் ஊத்திக்கிட்டு வாறா, கோயில்ல தீர்த்தம் குடுக்கிற மாதிரி. அழுதுக்கிட்டே அத்தனை பேரும் கையை நீட்டுறாங்க. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. சித்திக்கும் வந்துருச்சு. அழுகையும் சிரிப்புமா அன்னைக்கு அது பேசின பேச்சு இருக்கே! கிளம்பும்போது எதுவும் சொல்லக் கூடாது, ஆனா என் கையை அது விடவே இல்லை.

எனக்கு நல்லா அழ வரும் டீச்சர். அடுத்த வீட்டு அழுகைன்னா ஆறா வரும்.

என் வீட்டுதா? அதுக்கு இன்னும் ஆள் வரலையே. அழுகைன்னா சும்மா தனியா உக்காந்து அழுறதா? எங்களுக்கு அது தெரியாது. பிடிச்சுக்கிட ஒரு தோள் வேணும். அன்னைக்கு தகவல் வந்தப்ப வீட்டுல நானும் இவளும்தான். இவ என் மொகத்தையே பார்த்துக்கிட்டிருக்கா. என்ன பண்ணச் சொல்றீங்க? அரிசி களைஞ்சு உலையில போட்டேன். பிள்ளைக்குப் பசிக்கும்ல. இந்தச் சோத்தை வடிப்போம், அதுக்குள்ள யாராவது வருவாங்கன்னு நினைச்சேன். யாரு வருவா, கம்பு கட்டிக் கிடக்கு. எங்க கொழுந்தன் மட்டும் திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குப் போய் தூரத்துல நின்னு பார்த்துட்டு வந்தான். அவனும் தெருவுல நின்னே, 'முடிஞ்சது மதினி'ன்னு சொல்லிட்டுப் போனான்.

சரி, அது போகட்டும். என் வருத்தம் என்னன்னா, எங்கக்கா வரலை டீச்சர். ஊரு சனம் வரலை, சொந்தபந்தம் வரலை, அதையெல்லாம் கூட விட்டுருவேன். எங்கக்கா காளீஸ்வரி வரலையே. சங்கரன்கோவில்ல இருந்து கோயில்பட்டிக்கு எத்தனை பஸ்! எங்கம்மா போகும்போது நான் அஞ்சாப்பு. அவதான் தலை பின்னிவிட்டா, அவதான் வயசுக்கு வந்தப்ப தண்ணி ஊத்தினா, அவதான் மாப்பிள்ளை பார்த்தா. 'எனக்குப் பிடிக்கலை, மீசை பெரிசா இருக்கு'ன்னு நான் சொன்னப்ப, 'மீசையா சோறு போடப் போகுது? கண்ணைப் பாருடி, கண்ணு சிரிக்குது'ன்னா. அவ பார்த்து வச்ச மாப்பிள்ளை. அவளே வந்து கேக்கலைன்னா எப்படி?

வரவே இல்லைன்னு சொல்லமாட்டேன். அன்னைக்கு வந்தா. பஸ் கிடையாது, மச்சானோட பைக்குல வந்து கம்புக்கு அந்தப் பக்கம் நின்னா. 'ஏட்டி செம்பகம்'னு கூப்பிட்டுக்கிட்டே கம்புக்குள்ள நுழையப் பார்க்கா. நான் கதவைத் திறக்கவே இல்லை. ஜன்னல் வழியா, 'உனக்கு சுகர் இருக்கு, கிட்ட வந்தீன்னா நீயும் போயிருவ, போயிரு அக்கா, போயிரு'ன்னு கத்தினேன். ஜன்னலையும் சாத்திட்டேன். வேற என்ன செய்ய? இவரை அனுப்பியாச்சு, அவளையும் அனுப்பவா? அது துட்டியில சேராது டீச்சர். தொட்டு அழுதாத்தான் கணக்கு. ராத்திரி போன் பண்ணி அழுதா. 'போன்ல அழுகாத, நேர்ல வந்து கேளு, அதுதான் முறை'ன்னு வச்சுட்டேன். அதுல இருந்து பேச்சு இல்லை. அவளும் பண்ணலை, நானும் பண்ணலை. கேக்காம எப்படிப் பேசுறது? முறை தெரிஞ்சவ அவ. வருவா, வருவான்னு பார்க்கேன். ஆனி போச்சு, பஸ் விடலை, சரின்னேன். ஆடியில ஊசி போட்டுக் காய்ச்சல்ல கிடந்தாளாம், கேள்விப்பட்டேன், சரின்னேன். இப்ப கார்த்திகை வந்துருச்சே.

ஒரு விஷயம் கேளுங்க. பள்ளிக்கூடம் திறந்த அன்னைக்கு வாசல்ல வாழைமரம் கட்டி, பிள்ளைகளுக்கு ரோசாப்பூவும் மிட்டாயும் குடுத்தாங்க. இவ உள்ள போகமாட்டேங்கா. ரெண்டு வருசம் வீட்டுக்குள்ளயே கிடந்த பிள்ளை, கூட்டத்தைப் பார்த்துப் பயந்துட்டான்னு நினைச்சேன். அதில்லை. அவ கிளாஸ் டீச்சர் மொகத்தைப் பார்த்துட்டு, 'அம்மா, இவங்க மூக்கு தெரியுது'ங்கா! அந்த டீச்சர் சிரிச்சுட்டு மாஸ்க்கை ஏத்திவிட்டாங்க. இப்பப் போறா. மத்தியானம் மட்டும் சுவரைப் பார்த்துத் திரும்பி உக்காந்து, மாஸ்க்கைத் தூக்கித் தூக்கி ஒவ்வொரு வாயாச் சாப்பிடுதாளாம். அவங்கப்பா போட்டோ முன்னாடி நின்னும் மாஸ்க்கோடதான் பேசுவா. எங்கக்கா இருந்தா ஒரே அதட்டு, கழட்டிருவா. பெரியம்மான்னா இவளுக்கு உசுரு. 'பெரியம்மா எப்ப வரும்?'ங்கா. என்னத்தைச் சொல்ல? பெரியம்மாவுக்கு நம்ம மேல எரக்கம் இல்லை பாப்பான்னு ஒருநாள் சொல்லிட்டேன். சொல்லியிருக்கக் கூடாதுதான். வாயில வந்துருச்சு.

இன்னைக்கு என்னோட பெரியம்மா, எங்கம்மாவோட அக்கா வீட்டுக்குப் போறேன், விளாத்திகுளத்துக்கு. பெரியப்பா சித்திரையில தவறிட்டார். போன ஞாயித்துக்கிழமையே இந்த பஸ்ல ஏறி, மழையில தொப்பு தொப்புன்னு நனைஞ்சு போய் நிக்கேன், வீடு பூட்டிக் கிடக்கு! பக்கத்து வீட்டுல கேட்டா, 'கோயில்பட்டியில ஒரு துட்டிக்குப் போயிருக்காக'ங்காங்க. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். கோயில்பட்டியில யார் வீட்டுக்குன்னு தெரியலை, அவங்களுக்கு அங்க ஆயிரம் சொந்தம். அதுக்காக? துட்டி வீட்டுக்காரங்க வீட்டுல இருக்க வேண்டாமா டீச்சர்? நாலு சனம் வருவாங்க, போவாங்க. சொல்லிட்டா வருவாங்க? இருக்கிறவங்கதானே இருக்கணும். பூட்டிப் போட்டுட்டு ஊரு சுத்தினா எப்படி?

என்ன டீச்சர் அப்படிப் பார்க்கீங்க? நானா? நான் திங்கள்ல இருந்து சனி வரைக்கும் ஆபீஸ். ஞாயித்துக்கிழமை ஒரு நாள்தான் எனக்குத் தோது. ஆமா, மத்தவங்களுக்கும் அன்னைக்குத்தான் தோது, இல்லைங்கலை.

இல்லை, நான் வீட்டுல இருந்தாலும் யாரும் வாறதாத் தெரியலை. எதிர்வீட்டுல பாக்கியம் மதினின்னு ஒருத்தங்க, புரட்டாசியிலதான் குடிவந்தாங்க. எங்க ஆளுக யாரையும் அவங்களுக்குத் தெரியாது. நான் ராத்திரி வந்து பூட்டைத் திறக்கும்போதெல்லாம் எட்டிப் பார்த்து, 'யாரோ ரெண்டு பேரு வந்து நின்னாக, ஒண்ணும் சொல்லாமப் போயிட்டாக'ம்பாங்க. எவனாவது கேபிள் டிவிக்காரனா இருக்கும். போன வாரம், 'ஒரு பொம்பளை, தடிச்ச உடம்பு, ரொம்ப நேரம் கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னாக, பேரு கேட்டேன், சொல்லலை'ன்னாங்க. மகளிர் குழுவுல இருந்து வந்திருப்பாங்கன்னு சொன்னேன். அவங்கதான் பேரு சொல்லாம நிப்பாங்க, தவணை கேக்க.

வீட்டுல இருந்து பார்த்தேன் டீச்சர், இருக்கலைன்னு நினைக்காதீங்க. ஒரு ஞாயித்துக்கிழமை இருந்தேன். முடியலை. வாரநாள்னா ஒண்ணும் தெரியாது, லோடு ஏத்திப் போயிருக்கார், வந்துருவார்ங்கிற மாதிரியே இருக்கும். அவருக்குக் குட்டியானை வண்டி. விடியக்காலம் போனா இருட்டினப்புறம்தான் வருவார். ஞாயித்துக்கிழமைதான் வீட்டுல இருப்பார். அன்னைக்கு வாசல்ல வண்டியை நிறுத்திக் கழுவுவார், தெரு பூரா தண்ணி ஓடும். பக்கத்து வீட்டுக்காரங்க சண்டைக்கு வருவாங்க. அவங்க வண்டியையும் சேர்த்துக் கழுவி விட்டுருவார், சிரிச்சுக்கிட்டுப் போயிருவாங்க. அந்த ஒருநாள் நான் இருந்தேன்ல, பத்து மணி வரைக்கும் வாசல் காஞ்சே கிடந்துச்சு. பார்க்கச் சகிக்கலை. ஒரு வாளி தண்ணியை எடுத்து நானே ஊத்தினேன். அப்புறம் பாப்பாவுக்குச் சட்டையை மாட்டி, பூட்டிட்டு, வந்த பஸ்ல ஏறிட்டேன். அதுதான் கழுகுமலை பஸ். அப்படித்தான் இந்த ரூட்டெல்லாம் ஆரம்பிச்சது.

இருங்க, போன் அடிக்குது. பாக்கியம் மதினிதான். இந்த நேரத்துல எதுக்கு?

ஹலோ, சொல்லுங்க மதினி... பஸ்ல போய்க்கிட்டிருக்கேன்... எட்டயபுரம் இப்பத்தான் தாண்டுது... யாரு?... கேக்கலை, சத்தமாச் சொல்லுங்க... எந்த அக்கா?... யாரோட அக்கா?

எங்கக்கா வந்திருக்காளாம் டீச்சர்.

வாசப்படியில உக்காந்திருக்காளாம். இன்னைக்குப் போகமாட்டேன், பூட்டை உடைச்சாவது உள்ள போவேன்னு சொல்றாளாம். மதினிகிட்ட பேரைச் சொல்லி, கேக்காம நான் பேசக் கூடாது, நீங்க போன் போடுங்கன்னாளாம். போன வாரம் கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னதும் அவதானாம். அதுக்கு முந்தியும் வந்திருக்கா. அதுக்கு முந்தியும். எத்தனை ஞாயித்துக்கிழமை வந்தான்னு தெரியலை.

ம்... குடுங்க மதினி. குடுங்க.

அக்கா... அக்கா, அழுகாத... போன்ல அழக் கூடாது... ஆமா, பூட்டித்தான் போட்டுருந்தேன்... நான் எங்கடி கண்டேன் நீ வருவன்னு... சொல்லக் கூடாதுதான், முறைதான், நான் இல்லைன்னா சொன்னேன்?... படியில உக்காராத, மழை அடிக்கும். எதிர்வீட்டுல போய் உக்காரு... நம்ம வீட்டுலதான் கேக்காம உக்காரக் கூடாது, அந்த மதினி வீட்டுக்கு என்ன?... சுகர் மாத்திரை போட்டியா? சாப்பிட்டியா?... என்னத்தை எடுத்துட்டு வந்திருக்க?... பாப்பாவுக்கா... அக்கா, நான் சொல்றதைக் கேளு. பெரியம்மா வீட்டுக்குப் போய்க்கிட்டிருக்கேன். அதை முடிச்சுட்டுச் சாயங்காலம்... அக்கா... ஏ அக்கா...

வச்சுட்டா. 'நீ வந்தா வா, வராட்டிப் போ, இந்தப் படியைவிட்டு எந்திரிக்க மாட்டேன்'ன்னுட்டு வச்சுட்டா. அவ அப்படித்தான், பிடிவாதக்காரி.

அதுக்கென்ன டீச்சர், இருக்கட்டும். வந்தது வந்துட்டா, இருப்பா. நான் பாதிதூரம் வந்துட்டேன். இந்த மழையில இறங்கி எதிர்பஸ்ஸுக்கு நின்னு, பிள்ளையையும் நனைய வச்சுக்கிட்டு... பெரியம்மா வீட்டையும் இன்னைக்கு விட்டா அடுத்த வாரம் மறுபடி இந்த ரூட்டு. புதுசா ஒரு கொரோனா வருதுன்னு வேற டிவியில சொல்றாங்க, திரும்ப பஸ்ஸை நிறுத்திட்டா? அந்தத் துட்டி அப்படியே நின்னுபோகும். நாலு மணிக்கு ஒரு வண்டி இருக்கு. அதுல போனா இருட்டுறதுக்குள்ள...

என்ன? இறங்கணுமா?

இறங்கணும்தான். எனக்குத் தெரியாதா? நான் இத்தனை மாசம் அவளைத்தானே எதிர்பார்த்தேன். வரலை வரலைன்னு உங்ககிட்டயே எவ்வளவு நேரமாப் புலம்பிக்கிட்டு வாறேன். வந்துட்டா. இப்பப் பார்த்து கால் வரமாட்டேங்குது டீச்சர். இந்தக் கையைப் பிடிங்க கொஞ்சம். கழுவின கைதான்.

அவ வந்து கட்டிப்பிடிச்சுருவா. அப்புறம் கேப்பா. கேட்டுட்டான்னா நான் சொல்லித்தானே ஆகணும். சொல்லி முடிச்சுட்டா, கேட்டாச்சுன்னு ஆயிரும். எல்லாரும் பழையபடி வீட்டுக்கு வருவாங்க, போவாங்க. தாலியை எடுத்துருவாங்க. எல்லாருக்கும் முடிஞ்சுபோகும்ல டீச்சர். எனக்கும் முடிஞ்சுபோகும்ல.

அண்ணே! கண்டக்டர் அண்ணே! அடுத்து எங்க நிக்கும்? அங்கயே ஒரு விசில் குடுங்க, இறங்கணும். ஆமாண்ணே, விளாத்திகுளம்னுதான் ஏறினேன். இல்லை, திரும்பிப் போகணும். வீட்டுக்கு ஆள் வந்திருக்காங்க.

பாப்பா, எந்திரி ராசா. தன்யா, எந்திரி. இறங்கப் போறோம். பெரியம்மா வந்திருக்கா. நிசமாத்தான். நம்ம வீட்டு வாசல்ல இருக்கா. நீ அந்தக் குடையை எடுத்துக்கோ.

அவ கேப்பா, 'எப்படிடி ஆச்சு?'ன்னு. எத்தனை வீட்டுல நான் கேட்டிருக்கேன். எல்லாரும் எங்கிட்டோ ஒரு இடத்துல தொடங்கி மளமளன்னு சொல்லிருதாங்க. எனக்கு எதுல இருந்து தொடங்கன்னு தெரியலையே. காய்ச்சல்ல இருந்து சொல்லவா? ஆம்புலன்ஸ்ல ஏறும்போது திரும்பிப் பார்த்து, 'வண்டிச்சாவி சட்டைப் பையில இருக்கு, துணியோட முக்கிராத'ன்னு சொன்னார். அதுல இருந்து சொல்லவா?

இல்லை. அதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமைதான் தொடக்கம். ஊரெல்லாம் அடைச்சுக் கிடந்துச்சு. ஊரடங்குன்னு அன்னைக்கும் காய்கறி லோடுக்குக் கூப்பிட்டாங்க, போயிட்டு வரும்போது எங்கிட்டோ ரெண்டு குலை நொங்கு வாங்கிட்டு வந்தார். இவளை முன்னால உக்கார வச்சு, வாசல்லயே வச்சுச் சீவினார். முதல் கண்ணு இவளுக்கு, அடுத்தது எனக்கு. அப்புறம் அவர் ஒண்ணை வாயில போட்டார். போட்டதும் ஒரு இருமல் இருமினார் டீச்சர். ஒரே ஒரு இருமல். நொங்குத் தண்ணி புரையேறிருச்சுன்னு நான் அவர் உச்சந்தலையில தட்டினேன். 'யாரோ உங்களை நினைக்காங்க போல'ன்னேன். கண்ணுல தண்ணியோட நிமிர்ந்து பார்த்துச் சிரிச்சார்.

'நினைக்கிறவதான் இந்தா பக்கத்துலயே இருக்காளே, வேற யாரு இருக்கா?'ன்னார்.